ஏன் தண்ணீர் ஊற்றவில்லை

சென்னையிலிருந்து நிபுணர்கள் வருகிறார்கள் என்று கல்லூரி முதல்வர் அறிவித்ததுமே ஜெமிமாவின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அந்தக் கோணல் அவளோடு கூடப் பிறந்தது என்று அவள் கணவர் சாம்சுந்தர் சொல்வார். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவர், யாரையும் பகைத்துக்கொள்ளாதவர். அவருக்கும் சேர்த்து ஜெமிமா பகைத்துக்கொள்வாள்.

சிவகாசிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில் பல வருடங்கள் நர்ஸாக இருந்துவிட்டு, முதுகு வலி வந்த பிறகு விருதுநகரில் ஒரு நர்சிங் கல்லூரிக்குப் பாடம் நடத்த வந்தவள் அவள். வார்டை விட்டு வந்தும் ஒரு கேள்வி அவளை விடவில்லை. பட்டாசு ஆபீஸில், அந்தப் பக்கம் தொழிற்சாலைக்கு அதுதான் பேர், வெந்து வருகிறவர்கள் காயத்தின் மேல் இட்லி மாவு பூசி வருகிறார்கள், பற்பசை பூசி வருகிறார்கள், பேனா மையைக்கூட ஊற்றிக்கொண்டு வருகிறார்கள். பச்சைத் தண்ணீரை மட்டும் யாரும் ஊற்றுவதில்லை. ஏன்? இதை முறையாக ஆராய வேண்டும் என்று அவளுக்கு ஆசை. எப்படி என்றுதான் தெரியவில்லை. அதனால் உதடு கோணினாலும், பெயர் கொடுக்கச் சொன்னபோது முதல் ஆளாகக் கொடுத்தாள்.

சூலக்கரை ரோட்டில் ஏசி போட்ட ஒரு கல்யாண மண்டபத்தில் பயிலரங்கம் நடந்தது. ‘சுகாதார ஆராய்ச்சித் திறன் வளர்ப்பு: நிபுணர்கள் தங்கள் அறிவைப் பகிர்கிறார்கள்’ என்று மேடையில் பேனர் கட்டியிருந்தது. அறிவைப் பகிர்வதற்கு முன்னால் அவர்கள் சால்வையைப் பகிர்ந்தார்கள். இவர் அவருக்குப் போர்த்தினார், அவர் இவருக்குப் போர்த்தினார். குத்துவிளக்கில் எல்லாத் திரியையும் ஏற்றி முடிப்பதற்குள் வடை ஆறிப்போனது. சாப்பாட்டு நேரம் வரை ஆராய்ச்சி என்ற சொல் வாழ்த்துரைகளில் மட்டும் வந்து போனது.

எல்லோருக்கும் தலைமையாக வந்திருந்தவர் டாக்டர் மணிகண்டராஜ். சென்னையில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனத்தில் இருப்பவர். முடிக்குச் சாயம் போட்டிருந்தாலும் மீசையை வெள்ளையாகவே விட்டிருந்தார், அனுபவம் தெரிய வேண்டும் என்பதற்காக இருக்கலாம். தன் பூர்வீகம் ஆனைக்குட்டம் என்று சொல்லிக் கைதட்டு வாங்கினார். அணையில் இப்போது தண்ணீர் கிடக்கிறதா என்று பக்கத்து நாற்காலிக்காரர் சாப்பாட்டு வேளையில் கேட்டபோது, அங்கே அணை கட்டிவிட்டார்களா என்று திருப்பிக் கேட்டாராம்.

முதல் நாள் மத்தியானம் முழுக்க அவர் திரையில் படம் காட்டினார். எல்லாப் படத்திலும் அவரே இருந்தார். பனி பெய்கிற ஊரில் கோட்டுப் போட்டுக்கொண்டு, யாரோ ஒரு வெள்ளைக்காரருக்குக் கைகொடுத்துக்கொண்டு, ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு நடுவில் குனிந்துகொண்டு. ஆராய்ச்சி செய்தால் எங்கெல்லாம் போகலாம் என்பது நர்ஸுகளுக்கு நன்றாகப் புரிந்தது. எப்படிச் செய்வது என்பதற்கு அன்று நேரம் இல்லாமல் போனது. கடைசியில், ஆளுக்கு ஓர் ஆராய்ச்சி யோசனை சொல்லுங்கள் என்றார். ஜெமிமா எழுந்து தன் கேள்வியைச் சொன்னாள். அவர் அருகிலிருந்தவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதெல்லாம் வார்டில் உட்கார்ந்து பேசுகிற கதை, அதில் அளக்கிறதுக்கு என்ன இருக்கிறது என்று உட்காரச் சொல்லிவிட்டார்.

மறுநாள் அவள் போயிருக்கவே மாட்டாள். சாம்சுந்தர்தான், கட்டணம் கல்லூரி கட்டியாயிற்று, சாப்பாடாவது நன்றாக இருக்கிறதல்லவா என்று அனுப்பி வைத்தார்.

மறுநாள் நடந்ததை அவள் எதிர்பார்க்கவில்லை. ஒப்புதல் என்ற தலைப்பில் மணிகண்டராஜ் பேசினார், அருமையாகப் பேசினார். படம் எதுவும் காட்டவில்லை. நோயாளிகளுக்குத் தெரியாமலே அவர்கள் உடம்பில் சோதனை செய்த காலம் ஒன்று இருந்தது என்றார். ஏழை, படிக்காதவர், சம்பளத்துக்காக ஒருவர் முகத்தைப் பார்த்து நிற்கிறவர், இவர்களால் ‘முடியாது’ என்று சொல்ல முடியாது. அதனாலேயே, ‘முடியாது’ என்று சொல்கிற உரிமையை நாம் அவர்கள் கையில் முதலில் கொடுத்துவிட்டுத்தான் பேனாவைத் திறக்க வேண்டும் என்றார். அவர் குரல் தழுதழுத்தது. ஜெமிமாவுக்கே கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஆளைத் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று வீட்டுக்கு வந்து சாம்சுந்தரிடம் சொன்னாள். கோணலை அவள் திருப்பி எடுத்துக்கொண்டதை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. தோசையைப் பிய்த்த கை அப்படியே நின்றது.

பயிலரங்கத்தில் ரோஜா என்று ஒரு பெண் இருந்தாள். மதுரையில் புள்ளியியல் படித்துவிட்டு மணிகண்டராஜின் நிறுவனத்தில் வேலை பார்க்கிறவள், முப்பது வயது ஆகாதவள். திருத்தங்கல் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களின் மகள். கேள்வி கேட்பது எப்படி என்று அவள் ஒரு வகுப்பு எடுப்பதாக நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தது. அந்த நேரத்தைப் பயிலரங்கத்துக்குப் பணம் கொடுத்த மருந்துக் கம்பெனிக்காரர் பேசி முடித்துவிட்டார். அதன் பிறகு அவளுக்குத் திரைக்கு வயர் மாட்டுகிற வேலையும் நிபுணர்களுக்குத் தண்ணீர்ப் பாட்டில் வைக்கிற வேலையும்தான் மிச்சம். கை கழுவுகிற இடத்தில் ஜெமிமா அவளைப் பிடித்து, அந்த வகுப்பில் என்ன சொல்வதாக இருந்தாய் என்று கேட்டாள். ரோஜா யோசிக்கவில்லை.

“பதில நாமளே எழுதி வச்சிக்கிட்டு, இதா அதான்னு டிக் அடிக்கச் சொன்னா, நாம எழுதுனதுதாங்க்கா திரும்பி வரும். தெரியாதத கேக்கணும்னா மொதல்ல வாயத் தொறந்து பேச விடணும். பொறவுதான் எண்ணணும்.”

அந்த மூன்று நாள் பயிலரங்கத்தில் ஜெமிமாவுக்குக் கிடைத்த ஒரே பாடம் அந்தக் குழாயடியில் கிடைத்தது.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை, களப்பயிற்சி. எல்லோரையும் வேனில் ஏற்றி நாரணாபுரத்தில் பட்டாசுத் தொழிலாளர்கள் குடியிருக்கிற காலனிக்குக் கொண்டுபோனார்கள். ஆளுக்கு ஒரு கட்டுத் தாள் கொடுத்தபோதுதான் விஷயம் விளங்கியது. அது பயிற்சிக்கென்று அச்சடித்த தாள் அல்ல. மேலே மணிகண்டராஜின் நிறுவனத்தின் பெயரும், அவர் பல மாதங்களாக நடத்திவரும் வேறொரு ஆய்வின் பெயரும் இருந்தன. அந்த ஆய்வுக்கு இந்த மாவட்டத்துக் கணக்கு பாக்கி இருந்தது. கூலி கொடுத்து ஆள் வைத்து எடுக்க வேண்டியதை, திறன் வளர்ப்பு என்று பேர் வைத்து, நர்ஸுகளை வைத்து எடுக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாத் தாளும் நிரம்பி வர வேண்டும் என்று வேனிலேயே சொல்லிவிட்டார்கள்.

ஜெமிமாவுக்கு வந்த முதல் வீடு வேலுத்தாயினுடையது. நாற்பதை நெருங்குகிறவள், திரி வெட்டுகிற ரூமில் வேலை. வாரத்துக்கு ஒரு நாள் லீவில், வாசலில் துணி மலையாகக் குவிந்திருந்தது. ஜெமிமா நேற்றுக் கற்றுக்கொண்டபடி ஒப்புதல் படிவத்தை நிதானமாக வாசித்து, விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லலாம், அதனால் ஒரு கெடுதலும் வராது என்று விளக்கினாள். எதைப் பற்றிக் கேட்பீர்கள் என்றாள் வேலுத்தாயி. ஜெமிமா முதல் கேள்வியை வாசித்தாள். ‘கடந்த நான்கு வாரங்களில் தங்களின் சுவாச நல்வாழ்வு தங்களின் சமூகப் பங்கேற்பை எந்த அளவுக்குப் பாதித்துள்ளது?’

வேலுத்தாயி சோப்பைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள்.

“வேண்டாம்னு சொல்லலாம்னீகல்ல சிஸ்டர். வேண்டாம்.”

ஜெமிமாவுக்கு வருத்தமில்லை, உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. ‘மறுத்தார்’ என்று தாளில் எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கேயும் வேண்டாம் என்றார்கள். அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு மேல் வேண்டாம் என்றார்கள். மற்ற நர்ஸுகளுக்கும் அதுவே நடந்தது.

பதினோரு மணி வாக்கில் மணிகண்டராஜ் காரில் வந்து இறங்கினார். தாள்களைப் புரட்டப் புரட்ட அவர் முகம் கறுத்தது. யாருக்கோ போன் போட்டார். கொஞ்ச நேரத்தில் பைக்கில் சோணைமுத்து வந்தான். பக்கத்துப் பட்டாசு ஆபீஸில் போர்மேன். அந்தக் காலனியில் பெரும்பாலானவர்களுக்கு வேலை போடுகிறவன் அவன்தான். அவன் தெரு முனையில் நின்று ஒரு சத்தம் கொடுத்தான், அவ்வளவுதான். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பெண்கள் சமுதாயக் கூடத்துக்கு வந்து வரிசை கட்டினார்கள். வேலுத்தாயியும் வந்தாள். ஜெமிமா இருந்த பக்கம் அவள் திரும்பவில்லை.

ஜெமிமா மணிகண்டராஜிடம் போனாள். இந்தப் பெண்கள் ஏற்கெனவே மறுத்துவிட்டார்கள், அதைத் தாளிலும் எழுதியாயிற்று என்றாள்.

“சிஸ்டர், இது டிரெய்னிங். இதுல இதையெல்லாம் பெருசு பண்ணக் கூடாது.”

“நேத்து நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க.”

“அது தியரி,” என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வதுபோல. “இது ஃபீல்டு.”

அந்தக் கணத்தில் அவளுக்கு அவர் மேல் வந்த கோபத்தைவிட, நேற்றுக் கண்கலங்கிய தன் மேல் வந்த கோபம் அதிகம். தழுதழுத்த அந்தக் குரலை எத்தனை ஊர் மண்டபத்தில், எத்தனை மத்தியானத்தில் தழுதழுக்க வைத்திருப்பார் இந்த மனிதர். அவள் தாள் கட்டை மேஜையில் வைத்தாள். ஒன்றை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வரிசைக்கு முன்னால் நின்று, ஒப்புதல் படிவத்தை முதலிலிருந்து கடைசி வரை உரக்க வாசித்தாள். இஷ்டமில்லாதவர்கள் வீட்டுக்குப் போகலாம், இந்தத் தாளிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது என்றாள்.

ஒருவரும் நகரவில்லை. சோணைமுத்து வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். பெண்கள் தரையைப் பார்த்தார்கள். கூட வந்த நர்ஸுகள் தங்கள் பேனாவைப் பார்த்தார்கள். வெளியே போனது ஜெமிமா ஒருத்திதான். ரோடு வரை நடந்து, டவுன் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அவளுக்குச் சான்றிதழ் தரவில்லை. மறுநாள் முதல்வர் அவளைக் கூப்பிட்டு, கல்லூரிப் பேரைக் கெடுத்துவிட்டாய், பெரிய இடத்துத் தொடர்பு ஒன்று உன் வாயால் போயிற்று என்று அரை மணி நேரம் பேசினார். ஜெமிமா அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் முதல்வர் மணிகண்டராஜுக்குச் சால்வை போர்த்திக்கொண்டிருந்தார். பயிலரங்கம் முடிந்து ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது, அதற்குள் பிரிண்ட் போட்டு வைத்தாயிற்று.

இரண்டு வாரம் கழித்து அவள் தனியாக நாரணாபுரம் போனாள். அங்கே போய் என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. மன்னிப்புக் கேட்கத்தான் போனாள் என்று வைத்துக்கொள்ளலாம். கேட்பதற்கு வேலுத்தாயி விடவில்லை.

“நீங்க பாட்டுக்கு வாசிச்சிட்டு பஸ் ஏறிட்டீக. நாங்க அங்கனதான நிக்கணும். யார் யார் மொகம் சுளிச்சான்னு அவன் எல்லாரையும் பாத்து வச்சிருக்கான். அதுல ரெண்டு பேருக்கு இந்த வாரம் வேல கெடையாது.”

ஜெமிமா தலையைக் குனிந்துகொண்டாள். அது வேலுத்தாயிக்கே ஒரு மாதிரியாக இருந்திருக்க வேண்டும். உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். டம்ளரை நீட்டியபோது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பழைய தீக்காயத் தழும்பு தெரிந்தது. ஜெமிமா தாளும் பேனாவும் இல்லாமல், கை வெந்த அன்று என்ன நடந்தது என்று மட்டும் கேட்டாள்.

வேலுத்தாயி சொல்லிக்கொண்டே போனாள். அப்போது பட்டாசுக்கு வெடிமருந்து அடைக்கிற ரூமில் வேலை. பக்கத்து ரூமில் பத்தியது. ஓடி வந்தபோது கை எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு இழுத்து வந்து மாமியார் இட்லி மாவை அள்ளிப் பூசினாள். இவ்வளவையும் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, தண்ணீர் ஏன் ஊற்றவில்லை என்று கேட்டாள் ஜெமிமா. வேலுத்தாயி அவளை விசித்திரமாகப் பார்த்தாள்.

“ஒடம்பெல்லாம் மருந்துல்ல ஒட்டியிருக்கு. மருந்து மேல தண்ணி பட்டா சூடேறிப் பத்திக்கிடும்னு வேலைக்குச் சேந்த அன்னைக்கே சொல்லிருவாக. அந்த ரூமுக்குத் தண்ணிப் பாட்டிலக்கூட கொண்டுபோக விட மாட்டாக. தண்ணிய ஊத்துனா செத்துல்ல போவோம்?”

ஜெமிமா டம்ளரைக் கீழே வைத்தாள். பட்டாசு ரூமில் உயிரைக் காக்கச் சொல்லித் தருகிற பாடம் அது. அலுமினியப் பவுடரில் ஈரம் படக் கூடாது என்பது உண்மை. அந்தப் பாடமே வெந்த உடம்பிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. வார்டில் இருந்தபோது இவர்களை, ஒரு வாளித் தண்ணீர்கூடவா கிடைக்கவில்லை என்று எத்தனை தடவை ஏளனமாகத் திட்டியிருக்கிறாள். அவர்களும் வாங்கிக்கொண்டு பேசாமல் படுத்திருந்தார்கள்.

அன்று இரவே ரோஜாவுக்குப் போன் போட்டாள். ரோஜா அதற்குள் மணிகண்டராஜின் வேலையை விட்டிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார்களாம். எல்லாத் தாளிலும் ஒரே பதில், சுவாச நல்வாழ்வு அருமை, வேலையில் பூரண திருப்தி. போர்மேன் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு என்ன வரும். ரோஜா அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். உன் வேலை ஏற்றுவது, யோசிப்பது இல்லை என்று பதில் வந்ததாம்.

பிறகு இருவரும் சேர்ந்து அந்த வேலையைச் செய்தார்கள். கல்லூரியின் நெறிமுறைக் குழு இரண்டு தடவை திருப்பி அனுப்பி, மூன்றாவது தடவை அனுமதித்தது. போர்மேன்கள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. லீவு நாட்களில் வீடு வீடாகப் போனார்கள். வெந்துபோய்ப் பிழைத்தவர்களையும் அவர்களைத் தூக்கி வந்தவர்களையும் மட்டும் பார்த்தார்கள். முதலில் பேசவிட்டார்கள், பிறகு எண்ணினார்கள். எண்ணுவது எப்படி, எத்தனை பேரிடம் கேட்டால் நம்பலாம், தனக்குப் பிடித்த பதிலைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்று ரோஜா கற்றுக்கொடுத்தாள். ஜெமிமா தப்புச் செய்யும்போதெல்லாம் அவள் தயவு பார்க்கவில்லை. வேண்டாம் என்றவர்கள் வீட்டில் காப்பி மட்டும் குடித்துவிட்டு வந்தார்கள்.

அந்த வருடம் தீபாவளி சீசன் முடிந்து, மழையும் ஓய்ந்த பிறகு முடிவு வந்தது. பெரும்பாலோர் பயத்தினால் தண்ணீர் ஊற்றவில்லை. மீதிப் பேருக்குப் பயம் இல்லை, தண்ணீர்தான் இல்லை. கட்டுரை எழுதி ஒரு மருத்துவ இதழுக்கு அனுப்பினார்கள். இதழ்க்காரர்கள் அதை ஏற்றுக்கொண்ட செய்தி எப்படியோ பரவியது. முதல்வர் ஜெமிமாவைக் கூப்பிட்டு, தன் பெயரை எந்த இடத்தில் போட்டிருக்கிறாய் என்று கேட்டார். எந்த இடத்திலும் போடவில்லை என்று தெரிந்ததும், நன்றி சொல்கிற பகுதி என்று ஒன்று உண்டே என்றார்.

அதற்கு அடுத்த வாரம் மணிகண்டராஜே போனில் வந்தார். அவர் குரலில் பழைய தழுதழுப்பு இருந்தது. ஒரு பயிற்சி மாணவி இவ்வளவு தூரம் வந்ததில் தனக்குப் பெருமை என்றார். தங்கள் பயிலரங்கத்தின் பலன் என்று அறிக்கையில் சேர்த்துக்கொள்கிறோம், ஆட்சேபம் இருக்காதே என்றார்.

“இருக்கு சார். நான் ஒங்க பயிலரங்கத்துல தேறலயே. சான்றிதழ்கூட வரல.”

அவர் சிரித்தார். நாலாம் நாள் கூரியரில் சான்றிதழ் வந்தது. பளபளவென்ற தாள், தங்க ஓரம், அவள் பேரில் ஒரு எழுத்துப் பிழை. சாம்சுந்தர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ஃபிரேம் போடட்டுமா என்று கேட்டார். வாழ்க்கையில் அவர் செய்த முதல் கிண்டல் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இதழில் அச்சாவதற்கு முன்பே அவர்கள் முடிவைக் காலனிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சாயங்காலம், வேலை முடிந்து எல்லோரும் குளித்துவிட்டு வந்த பிறகு, வேலுத்தாயி வாசலில் கூடினார்கள். ஒட்டியிருக்கிற மருந்தை முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிடுங்கள், போட்டிருக்கிற துணியைக் கழற்றுங்கள், மருந்து ரூமை விட்டுத் தள்ளி வாருங்கள், பிறகு தண்ணீரை விடாமல் ஊற்றுங்கள் என்று ஜெமிமா சொன்னாள். நம்பாதவர்கள் கேள்வி கேட்டார்கள். கேள்விக்கெல்லாம் அவள் பொறுமையாகப் பதில் சொன்னதைப் பார்த்து ரோஜாவுக்கே ஆச்சரியம். கடைசியில் ஊர்க்காவலன் என்ற பெரியவர் எழுந்தார். மருந்து கலக்குகிற வேலையில் மகனைப் பறிகொடுத்தவர்.

“நீங்க சொல்றது அம்புட்டும் சரிம்மா. எங்க ஆபீஸ்ல ரூம விட்டு வெளிய ஓடுனா, வேலி வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது. எதை ஊத்த?”

ஜெமிமாவிடம் கணக்கு மட்டும் இருந்தது. ஓடி வந்த இடத்தில் தண்ணீரே இல்லாதவர்கள் எத்தனை பேர் என்பதையும் அவர்கள் எண்ணி வைத்திருந்தார்கள், எந்த ஆபீஸ் என்ற பேர் இல்லாமல். அதை வேலுத்தாயி கேட்டு வாங்கிக்கொண்டாள். மறு வாரம் பெண்களாகச் சேர்ந்து சோணைமுத்துவிடம் போனார்கள். ஜெமிமா தானும் வரட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், நீங்க வந்தா அவன் வீம்பு பிடிப்பான் என்றுவிட்டாள் வேலுத்தாயி. சோணைமுத்து முதலாளியிடம் போகச் சொன்னான். முதலாளி, பட்டாசு ஆபீஸில் தண்ணீர்த் தொட்டி கேட்கிற முதல் கூட்டத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று சிரித்து அனுப்பினார். மற்ற ஆபீஸ் முதலாளிகளிடமும் போய்க் கேட்டார்கள், அவர்கள் சிரிக்கக்கூட இல்லை. ஆனால் அடுத்த மாதம் ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதும், சிரித்தவர் மட்டும் மனசு மாறினார்.

அவருடைய ஆபீஸில் மருந்து ரூம்களிலிருந்து பாதுகாப்பான தூரத்தில், வேப்பமரத்தடியில் சிமெண்டுத் தொட்டி ஒன்று எழும்பியது. திறப்பு விழா வைத்தார்கள். ஜெமிமாவை அழைக்கவில்லை. வேலுத்தாயி சொல்லித்தான் அவள் போனாள். தொட்டியின் முகப்பில் முதலாளியின் அப்பா படமும், அவர் நினைவாக இது கட்டப்பட்டது என்ற வாசகமும் தண்ணீரைவிடப் பெரிதாகத் தெரிந்தன. மண்டபத்தில் நிபுணர்கள் போர்த்திய அளவுக்குச் சால்வைகள் இங்கேயும் வந்திருந்தன. தொழிலாளர் உயிர் தங்கள் உயிர் என்று முதலாளி பேசினார். ஜெமிமாவின் உதடு எந்தப் பக்கம் கோணியது என்று பக்கத்தில் நின்ற ரோஜா பார்த்துவிட்டு, தன் சிரிப்பைத் துப்பட்டாவில் மறைத்துக்கொண்டாள்.

பேச்சு முடிந்து எல்லோரும் இனிப்புத் தட்டுப் பக்கம் போனார்கள். ஜெமிமா தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்த்தாள். முதலில் காற்று வந்தது, பிறகு சிமெண்டு வாடையோடு தண்ணீர் கொட்டியது. வேலுத்தாயி வந்து தன் தழும்புக் கையை அதன் கீழே நீட்டினாள்.

“வேகமாத்தான் வருது, சிஸ்டர்,” என்றாள்.